போரும் சித்திரவதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறி இறங்கினால் தென்மலை, புனலூர், குளத்தூப்புழை. இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களில் கணிசமானோர் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, மறுவாழ்வுக்கென அரசு நட்ட ரப்பர் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள். சொந்தபந்தங்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு வந்த போரையும் பார்த்தார்கள். ராணுவத்தில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளும் இங்கே உண்டு. ஞாயிறு மதியம் பால் எடுத்து, ஷீட் அடித்து, குளித்துவிட்டு வாசகசாலைக்கு வருகிறவர்கள், நான் வக்கீல் என்பதால் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சை அதிகம் திருத்தவில்லை.

அடிச்சாலே சித்திரவதையா? சட்டம் எதைச் சித்திரவதைன்னு சொல்லுது?

1984-இல் ஐ.நா. நிறைவேற்றிய சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கைதான் அடிப்படை. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. உடலிலோ மனதிலோ கடுமையான வேதனை இருக்க வேண்டும். அதை வேண்டுமென்றே, ஒரு நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும்: தகவல் வாங்க, வாக்குமூலம் வாங்க, தண்டிக்க, மிரட்ட, அல்லது ஒருவரின் இனம், மதம் போன்றவற்றைக் காரணமாக வைத்து. மூன்றாவது, அரசு அதிகாரி ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும், செய்யச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு அறை விட்டதெல்லாம் இதில் வராது. ஆனால் அதுவும் சட்டப்படி சரியல்ல. ‘கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தை’ என்று கீழே இன்னொரு படி வைத்திருக்கிறார்கள், அதற்கும் தடைதான்.

போருன்னு வந்துட்டா எல்லாம் நடக்கும். அங்கே போய் யார் சட்டம் பேசுறது?

நடக்கிறது என்பது உண்மை. நடக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதே உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு போர், போர் அபாயம், உள்நாட்டுக் குழப்பம், அவசரநிலை என்று பெயர் சொல்லியே எழுதி, இதில் எதையும் காரணமாகக் காட்ட முடியாது என்கிறது. பேச்சுரிமையையும் கூட்டம் கூடும் உரிமையையும் அவசரநிலையில் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். சித்திரவதைத் தடையை நிறுத்திவைக்க வழியே வைக்கவில்லை. 1998-இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் ஃபுருந்ஜியா வழக்கில் ஒரு படி மேலே போனது: சித்திரவதைத் தடை எந்த ஒப்பந்தத்தாலும் மீற முடியாத உச்ச விதி, அதை எதிர்த்து எந்த நாடு உள்ளூரில் சட்டம் போட்டாலும் வெளியே அதற்கு மதிப்பில்லை.

எம் மவன் பட்டாளத்துல இருக்கான். எதிரி கையில சிக்கினா அவன் என்ன சொல்லணும், என்ன சொல்ல வேண்டாம்?

பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். 1949 மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவுப்படி அவ்வளவுதான் சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் பேச வைக்க அடிக்கவோ, மிரட்டவோ, திட்டவோ கூடாது. பேச மறுத்ததற்காகச் சலுகையைக் குறைக்கக்கூட முடியாது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானில் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தனின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டீ குடித்துக்கொண்டே, எந்த விமானம், என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டபோது அதைச் சொல்லக் கூடாது என்று மரியாதையாக மறுத்தாரே, அது வெறும் துணிச்சல் மட்டுமல்ல, இந்தப் பிரிவு கொடுத்த உரிமை. கைதியை வேடிக்கைப் பொருளாக ஊருக்குக் காட்டக் கூடாது என்று அதே ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவு சொல்வதால், அந்த வீடியோவை வெளியிட்டதே தப்பு என்ற வாதமும் உண்டு. எனக்கு அந்த வாதம் சரியென்றே படுகிறது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 1999 கார்கில் சமயத்தில் பிடிபட்ட கேப்டன் சௌரப் காலியாவின் உடலில் சித்திரவதைத் தடயங்கள் இருந்ததாக இந்தியா சொன்னது, பாகிஸ்தான் மறுத்தது. மகனுக்கு நீதி கேட்டு அவருடைய தந்தை உச்ச நீதிமன்றம் வரை போனார்.

யூனிஃபார்ம் இல்லாத தீவிரவாதிக்கும் இதே மரியாதையா?

போர்க்கைதி அந்தஸ்து கிடைக்காமல் போகலாம். ஆனால் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் ஒரே மாதிரி இருக்கிற, சித்திரவதையைத் தடுக்கிற 3-ஆம் பிரிவு, உள்நாட்டுப் போரில் பிடிபடும் யாருக்கும் பொருந்தும். அமெரிக்கா 2002-இல் குவாண்டனாமோ சிறை முகாமைத் திறந்தபோது இந்த மனிதர்களுக்கு ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தாது என்றுதான் ஆரம்பித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் நீதித்துறை எழுதிய குறிப்பு ஒன்று, உறுப்பு செயலிழக்கும் அளவுக்கு, சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் அளவுக்கு வலி இருந்தால்தான் சித்திரவதை என்றது. படித்த வக்கீல்கள் உட்கார்ந்து எழுதியது என்பதுதான் வயிற்றெரிச்சல். 2004-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2006-இல் ஹம்தான் வழக்கில் 3-ஆம் பிரிவு அல்கொய்தா கைதிகளுக்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ரத்தம் வராம, எலும்பு உடையாம செய்தா?

தூங்கவிடாமல் வைப்பது, முகத்தில் பை மாட்டுவது, சுவரைப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்க வைப்பது, காதைக் குடையும் சத்தம், சோறு தண்ணீரைக் குறைப்பது. பிரிட்டன் 1971-இல் வட அயர்லாந்தில் இந்த ஐந்தையும் செய்தது. 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது மனிதத்தன்மையற்றது, ஆனால் சித்திரவதை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு எத்தனையோ அரசுகள் இந்த ஒரு வரியைப் பிடித்துத் தொங்கின. அதே நீதிமன்றம் 1999-இல், அளவுகோல் காலத்தோடு கடுமையாகும், முன்பு சித்திரவதை இல்லை என்றது இனிமேல் ஆகலாம் என்று சொல்லி அந்த வாசலைப் பெருமளவு சாத்திவிட்டது.

ஒருத்தன் குண்டு வச்சிருக்கான். இன்னும் ஒரு மணி நேரத்துல வெடிக்கும். நூறு குழந்தை சாகும். அப்பவும் அடிக்கக் கூடாதா சார்?

எல்லா வாரமும் யாராவது ஒருவர் கேட்கிற கேள்வி. கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் கண்ணில் ஒரு வெற்றிக்களை இருக்கும்.

இந்தக் கதைக்குள் எத்தனை விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது பாருங்கள். குண்டு இருப்பது உறுதி. பிடிபட்டவன்தான் வைத்தவன் என்பது உறுதி. அவனுக்கு இடம் தெரியும். அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் சொல்வான், சொல்வது நிஜம். வேறு எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவும் தெரிந்த போலீஸ் ஸ்டேஷனை நான் இதுவரை பார்த்ததில்லை.

நிஜத்தில் இதற்கு மிக நெருங்கி வந்த வழக்கு ஒன்று உண்டு. 2002, ஃப்ராங்ஃபர்ட். சட்டம் படித்த இளைஞன் ஒருவன் 11 வயதுப் பையனைக் கடத்திப் பணம் வாங்கினான், வாங்கும்போதே கண்காணிப்பில் சிக்கினான். சரியான ஆள், சந்தேகமே இல்லை. பையன் எங்கே என்று சொல்லவில்லை. காவல் துறைத் துணைத் தலைவர், தாங்க முடியாத வலி கொடுப்போம் என்று மிரட்டச் சொன்னார். மிரட்டினார்கள், சில நிமிடத்தில் சொன்னான். பையன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான்.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2010-இல் காஃப்கென் வழக்கின் தீர்ப்பு: குழந்தையின் உயிருக்காகவே செய்திருந்தாலும், கை வைக்காமல் மிரட்டியது மட்டுமே என்றாலும், தடையை மீறியதுதான். அந்தத் துணைத் தலைவரை ஜெர்மனி 2004-இல் குற்றவாளி என்றது. ஆனால் தண்டனை எச்சரிக்கையோடு நிறுத்திவைத்த அபராதம் மட்டும். கடத்தியவனின் ஆயுள் தண்டனை மாறவில்லை, அவன் விசாரணையின்போது நீதிமன்றத்தில் மறுபடி தானாகவே ஒப்புக்கொண்டதால்.

இதில் என் நிலை இதுதான். அந்த அதிகாரியின் இடத்தில் இருந்தால் நானும் மிரட்டியிருப்பேனோ என்னவோ. மிரட்டிவிட்டு நீதிமன்றத்தில் நின்று தண்டனையை வாங்கிக்கொள்ளட்டும். அவருக்காக முன்கூட்டியே ஒரு சட்டம் எழுதிக் கொடுக்க மாட்டேன். இஸ்ரேல் அப்படி எழுதிப் பார்த்தது: 1987-இல் லண்டாவ் கமிஷன் ‘மிதமான உடல் அழுத்தம்’ போடலாம் என்றது. ‘மிதம்’ எங்கேயும் மிதமாக நிற்கவில்லை. 1999-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே, அப்படிச் செய்ய விசாரணையாளருக்கு அதிகாரம் கிடையாது என்று நிறுத்தியது. அப்போதும் வழக்கு வந்தால் ‘வேறு வழியில்லை’ என்ற தற்காப்பை அதிகாரி எடுத்துவைக்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்தது.

அடி தாங்காம உண்மையைச் சொல்லத்தானே செய்வான்?

எதையாவது சொல்வான். 2001 கடைசியில் பிடிபட்ட லிபியாக்காரர் இப்னு அல்ஷேக் அல்லிபியை சிஐஏ எகிப்துக்கு அனுப்பியது. அங்கே நடந்த விசாரணையில், அல்கொய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்தது ஈராக்தான் என்றார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் பேசியபோது இந்தத் தகவலும் அதில் இருந்தது. அடுத்த மாதம் போர். 2004-இல் அல்லிபி, வேதனையிலிருந்து தப்பிக்கச் சொன்ன கதை அது என்று மாற்றிச் சொன்னார். கேட்டவர்கள் எதிர்பார்த்த பதில் அவருக்குத் தெரிந்திருந்தது, அதையே கொடுத்தார்.

அமெரிக்க செனட் புலனாய்வுக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், காலித் ஷேக் முகமது என்ற ஒருவரை மட்டும் 183 தடவை தண்ணீரால் மூச்சுத்திணற வைத்த கணக்கு இருக்கிறது. பலனிருந்தால் 183 வரை போக வேண்டிய அவசியமென்ன என்று எங்கள் வாசகசாலையில் டீ ஊற்றுகிற அண்ணாச்சி கேட்டார். குழுவும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்குத்தான் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையில் ஹான்ஸ் ஷார்ஃப் என்று ஒரு விசாரணையாளர் இருந்தார். பிடிபட்ட அமெரிக்க விமானிகளோடு காட்டில் நடந்துபோவார், பேசிக்கொண்டிருப்பார், எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது போல நடந்துகொள்வார். பல பேர் தாங்கள் என்ன சொன்னோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவமே அவரை அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

உண்மை வராதுன்னா, அப்புறம் ஏன் எல்லா நாட்டிலயும் செய்றாங்க?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. பெரும்பாலான சமயம் அவர்களுக்கு வேண்டியது உண்மை அல்ல, கையெழுத்து.

நாலாம் மாடி என்றால் இங்கே பழைய ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. கொழும்பில் குற்றப் புலனாய்வுத் துறை விசாரணை நடத்திய இடம். இலங்கையில் 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, உதவி போலீஸ் சூப்பரிண்டெண்ட் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்கிறது. மிரட்டி வாங்கியது என்றால் அதைக் கைதிதான் நிரூபிக்க வேண்டும்.

அது எப்படி வேலை செய்தது என்று சிங்கராசா வழக்கில் பார்க்கலாம். 1993-இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழ் இளைஞர். வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் படிக்கத் தெரியாது. கீழே கைநாட்டு. அடித்து வாங்கியது என்றார். நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சியம். 1995-இல் 50 ஆண்டு சிறை, மேல்முறையீட்டில் 35 ஆனது. 2004-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணையே அல்ல என்றது. அதை வைத்து மறுபரிசீலனை கேட்டபோது, அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த இணக்கமே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இத்தனைக்கும் 1994-இல் இலங்கை சித்திரவதைக்கெனத் தனிச் சட்டமே போட்டிருந்தது: 7 முதல் 10 ஆண்டு வரை சிறை. இந்தியாவில் இன்னும் இல்லாத சட்டம். ஒரு கையால் தடுத்துவிட்டு, மறு கையால் அந்தத் தாளை வாங்கிக்கொள்கிற அமைப்பில் எந்தத் தண்டனைச் சட்டமும் பயமுறுத்தாது. அடித்து வாங்கியதை நீதிமன்றம் தொடாது என்று அடிக்கிறவனுக்குத் தெரிந்தால்தான் கை தயங்கும். உடன்படிக்கையின் 15-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான். தண்டனைப் பிரிவுகளை விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம்ம நாட்டுல எப்படி?

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய பாரதிய சாட்சிய சட்டத்தின் 23-ஆம் பிரிவு. இது பிரிட்டிஷ்காரன் கருணையால் வந்ததல்ல. 1855-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சித்திரவதை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. நிலவரி வசூலிக்க விரல்களைக் கிட்டியில் வைத்து நசுக்கியதையும், குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் குடியானவர்கள் வந்து சொன்னார்கள். அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கிறது. போலீஸ் கையில் வாக்குமூல அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அப்போதே ஆட்சியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே தடை வந்தது.

ஒரு ஓட்டை மட்டும் விட்டார்கள்: வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தால், அது சம்பந்தமான பகுதி செல்லும். ‘அவர் காட்டிய இடத்தில் அரிவாள் கிடைத்தது’ என்று எத்தனை குற்றப்பத்திரிகையில் படித்திருப்பேன்!

பெரிய ஓட்டை தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவு எஸ்.பி.யிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் செல்லுபடியாக்கியது, 1994-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ராஜீவ் கொலை வழக்கில் கீழ் நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விட்டது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, பேட்டரி எதற்கென்று தெரியாமல் வாங்கிக் கொடுத்தேன் என்று அவர் சொன்ன பகுதியை எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். அடி விழாமலே இப்படி என்றால், கதவு மூடிய அறையில் எழுதப்படும் தாளை எந்த அளவு நம்புவது?

சித்திரவதை உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய், காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் மறுபடி பரிந்துரைத்தது. ராணுவத்தைப் பொறுத்தவரை 1960 ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது: கொலை என்றால் தூக்கு அல்லது ஆயுள், மற்ற கடும் மீறல்களுக்கு 14 ஆண்டு வரை. ஆனால் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் உள்ள பகுதியில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் ஒரு சிப்பாய் மேல் வழக்குப் போட முடியாது.

இயக்கம் செய்ததைப் பத்தி ஏன் யாரும் பேசுறதில்ல?

பேச வேண்டும். புலிகளின் சிறைகளில் மாற்று இயக்கத்தவரும், துரோகி என்று பெயர் வைக்கப்பட்டவர்களும் பட்டது தமிழர்களுக்கே தெரிந்த கதைதான். ஜெனீவா 3-ஆம் பிரிவு சண்டையிடும் இரு தரப்பையும் கட்டும். அரசு அதிகாரிதான் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போர்ச் சட்டத்தில் தேவையில்லை என்று 2001-இல் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் குனராச் வழக்கில் தெளிவாக்கியது. இதைச் சொன்னால் வாசகசாலையில் இரண்டு பேர் எழுந்து போவார்கள். போகட்டும்.

மேலதிகாரி சொன்னான், செஞ்சேன்னு சொன்னா?

செல்லாது. உடன்படிக்கையில் நேரடியாக எழுதியிருக்கிறது.

செய்றவனுக்கு ஒண்ணும் ஆகாதா?

அல்ஜீரியப் போரின்போது அங்கே மனநல மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஃபனோனிடம் ஒரு பிரெஞ்சுப் போலீஸ்காரர் வந்தார். பகல் முழுக்க விசாரணை அறையில் கைதிகளை அடிப்பார். வீட்டுக்கு வந்தால் மனைவியையும் கைக்குழந்தையையும் அடிக்க ஆரம்பித்திருந்தார். வேலையை விடப்போவதில்லை, மன உறுத்தல் இல்லாமல் அந்த வேலையைத் தொடர மருந்து கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. 1957-இல் அல்ஜியர்ஸ் நகரத்தை இந்த முறைகளால் அடக்கிய பிரான்ஸ், 1962-இல் நாட்டையே விட்டு வெளியேறியது.

கக்கயம் ராஜன் கேஸ் இதுல சேருமா?

போர் இல்லை, அவசரநிலை. ஆனால் மலையாளிகளுக்கு இந்தப் பாடம் புரிந்தது அந்த வழக்கில்தான். 1976 மார்ச்சில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெஞ்சில் படுக்கவைத்து தொடை மேல் உலக்கையை உருட்டினார்கள். ‘உருட்டல்’ என்றால் கேரளத்தில் இன்றும் எல்லோருக்கும் புரியும். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் ஆட்கொணர்வு மனு போட்டார். முதல்வர் கருணாகரன் பதவி விலக வேண்டி வந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

செஞ்சவன் வேற நாட்டுக்கு ஓடிட்டா தப்பிச்சுடுவானா?

முன்னளவு சுலபமில்லை. சிரியாவின் உளவுத்துறை கர்னல் அன்வர் ரஸ்லான் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்திருந்தார். 2022 ஜனவரியில் கோப்ளென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. இந்தியா, இலங்கை, அமெரிக்கா மூன்றுமே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை என்பதால், நடைமுறையில் வேறு நாட்டு நீதிமன்றங்களே வழி.

எங்க சித்தப்பா மவன் லண்டன்ல தஞ்சம் கேட்டிருக்கான். முதுகுல சூட்டுத் தழும்பு இருக்கு. அவனே சூடு போட்டுக்கிட்டதுன்னு சொல்றாங்களாம்.

இதே கேள்வி 2019-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது, அதுவும் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில். தானே சொல்லிப் போடவைத்த தழும்பு என்று சும்மா சந்தேகப்பட்டு மருத்துவ அறிக்கையை ஒதுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. உங்கள் சித்தப்பா மகனைத் தன் வக்கீலிடம் ‘இஸ்தான்புல் நெறிமுறை’ என்று சொல்லச் சொல்லுங்கள். சித்திரவதைத் தடயத்தை மருத்துவர்கள் எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு ஐ.நா. வெளியிட்ட கையேடு, 1999-இல் வந்தது, 2022-இல் திருத்தினார்கள். காயம் சொன்ன கதையோடு ஒத்துப்போகிறதா, மிக நன்றாக ஒத்துப்போகிறதா, வேறு எப்படியும் வந்திருக்க முடியாதா என்று படிப்படியாக மருத்துவர் எழுத வேண்டும். வெறுமனே ‘பழைய தழும்பு’ என்று எழுதிய சீட்டால் பயனில்லை. தழும்பு ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்து நிழற்படம் எடுக்க வேண்டும், மனநிலை பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கிருந்து அனுப்பக் கூடியது, அவர் பிடிபட்ட நாட்களில் வீட்டுக்கு வந்த கடிதங்கள், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த சீட்டு ஏதாவது இருந்தால் அது. டிரங்குப் பெட்டியைத் தேடிப் பாருங்கள், அசல் உங்களிடம் இருக்கட்டும், நகலை அனுப்புங்கள்.